ஆறு கட்டை வரை இலவசம்

ஒரு பாட்டிலிருந்து ஆறு சுரம் வரை எடுத்தால் குற்றமில்லை, ஏழாவது சுரத்தில் கை வைத்தால்தான் திருட்டு என்று நான் மனப்பூர்வமாக நம்பிக்கொண்டிருந்தேன். கப்பலில் இத்தனை கிலோ மூட்டை வரை கட்டணமில்லை, அதற்கு மேல் போனால் தராசில் ஏற்றுவார்கள் அல்லவா, அதுபோல. யார் சொன்னது என்று கேட்டால் பதில் இல்லை. ஆபீஸ் கேன்டீனில் யாரோ யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்ததை மூன்றாவது மேசையிலிருந்து கேட்ட ஞாபகம். நான் போர்ட் பிளேரில் இருபத்தாறு வருடமாகக் கோப்பு நகர்த்தும் குமாஸ்தா. ஒரு பயணப்படி பில்லில் தேதி மாறியிருந்தால், 'இது எந்த விதியின்படி?' என்று கேட்டுத் திருப்பி அனுப்புகிறவன். இந்த ஆறு சுர விதியை மட்டும் எந்தச் சுற்றறிக்கையில் இருக்கிறது என்று தேடியதே இல்லை. எனக்குச் சாதகமான விதிக்கு நான் மூலப்பிரதி கேட்பதில்லை.

சங்கீதம் எனக்கு முறையாகத் தெரியாது. மாற்றலாகி மெயின்லேண்ட் போன ஒருவர் விட்டுச் சென்ற கீபோர்டு, மின்னி பே பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. அதில் வெள்ளைக் கட்டை, கருப்புக் கட்டை என்ற அளவில்தான் என் ஞானம். காதில் கேட்டதை விரலால் தேடுவேன். கிடைக்கும்வரை அக்கம்பக்கத்தில் ஜன்னலைச் சாத்திக்கொள்வார்கள்.

என் மனைவி இங்கே ஒரு தமிழ்வழிப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு டீச்சர். ஆண்டுவிழாவுக்காக ஒரு பாட்டு எழுதினாள். பாராடாங் தீவுக்குப் போகும் வழியில் பஸ்ஸும் லாரியும் பெரிய படகில் ஏறிக் கடலைத் தாண்டுமே, அதைப் பற்றி.

பஸ்ஸு ஏறுது படகு மேலே,
லாரி ஏறுது அதுக்குப் பின்னாலே,
டிரைவர் மாமா கீழே இறங்கி
டீயைத் தேடுறார் தண்ணி மேலே!

அவள் வகுப்பில் இருபத்திரண்டு பிள்ளைகள். பாதிப் பேர் வீட்டில் இந்தி. மீதிப் பேர் வீட்டில் இந்தி கலந்த தமிழ். தாளைப் பார்க்காமல் கடைசி வரி வரைக்கும் அவர்கள் சொன்ன முதல் தமிழ்ப் பாட்டு இதுதான். அவள் எழுதிய முதல் பாட்டும் இதுதான். மெட்டுப் போடும் வேலை என்னிடம் வந்தது. என் திறமையைப் பார்த்துக் கொடுத்த வேலை அல்ல. வீட்டில் கீபோர்டு முன்னால் உட்கார்ந்திருந்தவன் நான் ஒருவன்தான்.

இரண்டு நாள் தேடியும் மெட்டு வரவில்லை. மூன்றாம் நாள், முந்தைய கோடையில் சென்னையிலிருந்து கப்பலில் வந்தது நினைவுக்கு வந்தது. பங்க் கிளாஸ் என்ற மலிவு வகுப்பில் எனக்கு எதிர்ப் படுக்கைக்காரரின் போன், சிக்னல் இருந்த கரையோரத்தில் விடாமல் அடித்தது. சிக்னல் போன பிறகு அவரே அந்த ரிங்டோனைப் போட்டுப் போட்டுக் கேட்டார். மூன்று நாள் பயணம். வாந்தியும் அந்த ரிங்டோனும்தான் துணை. அதன் தொடக்கம் படியேறுவதுபோல ஜம்மென்று மேலே போகும். படகில் பஸ் ஏறுவதற்கு அதைவிடப் பொருத்தமாக என்ன வேண்டும்? கீபோர்டில் தேடிப் பிடித்தேன். கட்டைகளை எண்ணினேன். ஆறு. ஏழாவது கட்டையில் யோக்கியனாகி, வேறு பக்கம் திரும்பிவிட்டேன்.

கீபோர்டிலேயே ஒரு பட்டனைத் தட்டித் தாளத்தை ஓடவிட்டேன். அதன் மேல் என் வாசிப்பு, பிள்ளைகளின் குரல். அம்மாக்கள் வீட்டில் சொல்லிக்கொடுக்க வசதியாக இருக்கட்டும் என்று ஒத்திகையை வீடியோ எடுத்து இணையத்தில் ஏற்றினோம்.

ஆண்டுவிழா சனிக்கிழமை. அந்த வாரத் திங்கட்கிழமை பிற்பகல் ஆபீஸில் போன் சிணுங்கியது. ஆங்கிலத்தில் மின்னஞ்சல். 'காப்பிரைட்' என்ற சொல்லையும் 'உரிமையாளர்' என்ற சொல்லையும் பார்த்தேன். அதற்குக் கீழே நான் படிக்கவில்லை. படிக்கத் தேவையும் இருக்கவில்லை. குற்றவாளிக்குக் குற்றப்பத்திரிகையை வாசித்துக் காட்ட வேண்டுமா என்ன? அந்த எதிர்ப் படுக்கைக்காரர் மொத்த ஊரிலும் என்னைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டார் என்றே நினைத்தேன். தலைவலி என்று சொல்லி வீட்டுக்கு வந்தேன். கீபோர்டைப் பெட்ஷீட்டில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். தீவிலிருந்து எடுத்துப் போகக் கூடாத பவளப்பாறைத் துண்டை விமான நிலையத்துச் சோதனைக்குப் பயந்து துணிக்குள் ஒளிக்கும் டூரிஸ்ட் எப்படி நடந்துகொள்வான் என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது.

மனைவி பள்ளியிலிருந்து வந்தபோது நான் ஒரு கைப்பையில் இரண்டு சட்டையும் பல் தேய்க்கும் பிரஷும் வைத்துக்கொண்டிருந்தேன்.

"ஏங்க, எங்க கிளம்பிட்டீங்க?"

"எப்ப வேணா கூப்பிடுவாங்க. ரெடியா இருக்கணும்ல."

விஷயத்தைச் சொன்னேன். கப்பல், ரிங்டோன், ஆறு கட்டை, எல்லாம். இருபத்து மூன்று வருடத் தாம்பத்தியத்தில் நான் அவளிடம் அவ்வளவு முழுமையாக எதையும் ஒப்புக்கொண்டது கிடையாது.

"சரி, தண்டனைன்னா எங்க அனுப்புவாங்க?" என்றாள். "அந்தமான்ல இருக்கிறவன அந்தமானுக்கா நாடு கடத்துவாங்க? மெயின்லேண்டுக்குத்தான் அனுப்பணும். போயிட்டு வாங்க, உங்க அண்ணன் வீட்டையும் பாத்துட்டு வரலாம்."

சிரித்தாளே தவிர, முகம் வாடித்தான் இருந்தது. வீடியோ ஊமையாகிவிட்டதென்று அம்மாக்கள் பள்ளிக்கே போன் செய்திருக்கிறார்கள். பிரின்சிபல் மேடத்துக்கு விஷயம் போய்விட்டது. மேடம் கண்டிப்பானவர். 'சட்டப் பிரச்சினை உள்ள பாட்டை என் மேடையில் ஏற்ற முடியாது. வியாழக்கிழமை காலைக்குள் தெளிவான பதில் கொண்டு வாருங்கள். இல்லாவிட்டால் போன வருட மீன் டான்ஸையே ஆடட்டும்' என்று சொல்லிவிட்டாராம்.

"மறுபடியும் மீனு," என்றாள். "அந்த அட்டை வால கட்டிக்கிட்டு வாயைத் தொறந்து தொறந்து மூடும்ங்க. ஒரு வார்த்தை பேசாதுங்க. இந்தப் பாட்டுக்காகத்தான் அதுங்க வாயே தொறந்துச்சு. நான் போய் எப்படிச் சொல்றது, உங்க பாட்டு கேன்சல், மீனா நில்லுங்கன்னு?"

அதைக் கேட்டதும் பையிலிருந்த சட்டைகளை எடுத்து வெளியே வைத்தேன். பிரஷை எடுக்கவில்லை. எதற்கும் இருக்கட்டும்.

செவ்வாய்க்கிழமை மாலை எங்கள் தெருமுனையில் இருக்கும் வங்காளி இசை ஆசிரியரிடம் போனேன். தெருவே அவரை தாதா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடும். முப்பது வருடமாக இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு ஹார்மோனியம் சொல்லித்தருகிறார். தமிழில் 'சாப்பிட்டாச்சா', 'பரவாயில்லை' இரண்டும் தெரியும். மற்றதெல்லாம் நம் தீவு இந்திதான். நானே ஆறு கட்டையையும் அவருடைய ஹார்மோனியத்தில் அழுத்திக் காட்டினேன். காட்டிய அவசரத்தில் நான்காவது கட்டை இரண்டு தடவை விழுந்தது.

"தாதா, யே சோரி ஹை க்யா?" இது திருட்டா என்று கேட்டேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஃபிர் ஸே பஜாவோ," என்றார். மறுபடி வாசித்தேன். அவர் உள்ளே பார்த்து ஒரு குரல் கொடுத்தார். ஐந்து வயதுப் பேத்தி வந்தாள். அவளிடம் ஏதோ வங்க மொழியில் சொன்னார். அந்தச் சிறுமி ஹார்மோனியத்தின் முன் சப்பணம் போட்டு உட்கார்ந்து, நான் மூன்று நாள் தேடிக் கண்டுபிடித்துக் கப்பல்காரரிடமிருந்து களவாடிய அதே ஆறு கட்டையை, ஒரு கையால் மூக்கைத் துடைத்தபடி வாசித்துவிட்டு, விளையாடப் போய்விட்டாள்.

"பூபாலி கா ஆரோஹ் ஹை, பாய்," என்றார் தாதா. ஒரு ராகத்தில் சுரங்கள் கீழிருந்து மேலே ஏறும் வரிசைதான் ஆரோஹ்; நம் பக்கத்தில் ஆரோகணம். வடக்கே பூபாலி, நமக்கு மோகனம். ஸ, ரி, க, ப, த, மேல் ஸ. எண்ணிப் பார்த்தால் ஆறு. நான் பாட்டைத் திருடவில்லை. பாட்டுகள் ஏறுகிற ஏணியைத் திருடியிருக்கிறேன். அதுவும் தெருவில் எல்லோர் வீட்டுக்கும் பொதுவாகச் சாத்தி வைத்த ஏணி. மெட்டு வேறு, ராகம் வேறு என்று அவர் எனக்குப் பத்து நிமிடம் புரியவைத்தார். ராகம் யாருடைய சொத்தும் இல்லை. அதில் நடந்து நீ எந்தத் திருப்பத்தில் திரும்புகிறாய், எங்கே நிற்கிறாய், எங்கே இழுக்கிறாய் என்பதுதான் மெட்டு. அதற்குத்தான் சொந்தக்காரன் உண்டு.

வேறு ஆளாக இருந்தால் அங்கேயே நிம்மதியாகியிருப்பான். எனக்கு வீடு வரும் வழியிலேயே புதுப் பயம் பிடித்தது. ஏணி பொதுவானதென்றால், பிறகு எதற்கு மின்னஞ்சல்? அப்படியானால் நான் எனக்கே தெரியாமல் இன்னும் பெரிதாக எதையோ திருடியிருக்கிறேன்!

புதன்கிழமை ஆபீஸில் உட்கார்ந்து, முந்திக்கொண்டு மன்னிப்புக் கேட்டுவிடுவதென்று ஒரு கடிதம் தயாரித்தேன். எனக்குக் கடிதம் என்றால் ஒரே வடிவம்தான் வரும். 'பொருள்: கப்பல் பயணத்தில் கேட்ட ரிங்டோனிலிருந்து ஆறு சுரம் எடுத்துக்கொண்டது, வருத்தம் தெரிவித்தல், தொடர்பாக. பார்வை: தங்கள் மின்னஞ்சல். மேற்படி பார்வையில் கண்டுள்ள பொருள் குறித்துப் பணிவுடன் தெரிவித்துக்கொள்வது யாதெனில்...' இணைப்பாகக் கப்பல் டிக்கெட்டின் நகலையும் சேர்த்தேன். நான் எந்தத் தேதியில் அந்த ரிங்டோனைக் கேட்டேன் என்பதற்கு ஆதாரம். குற்றம் நடந்த இடத்துக்குப் போனதற்கான சான்றைக் குற்றவாளியே மூன்று பிரதி எடுத்துக் கையெழுத்திட்டு வைத்திருந்தான்.

நல்லவேளையாக, அனுப்புவதற்கு முன் ஒரு வக்கீலிடம் காட்டலாம் என்றாள் மனைவி. மாலை நாங்கள் இருவரும் குட்வில் எஸ்டேட்டில் என் பழைய நண்பர் வீட்டுக்குப் போனோம். அவர் வக்கீல். முழுக்க முழுக்க நில வழக்கு. எல்லைக்கல், ஆக்கிரமிப்பு, அண்ணன் தம்பி பாகப்பிரிவினை. பாட்டு வழக்கு என்று இந்தத் தீவில் அவரிடம் வந்த முதல் ஆள் நான்தான் என்பதில் அவருக்கு அடக்க முடியாத மகிழ்ச்சி. நாங்கள் போனில் விஷயத்தைச் சொன்னதுமே எங்கிருந்தோ சட்டப் புத்தகத்தை இரவல் வாங்கிப் படித்துவிட்டு உட்கார்ந்திருந்தார்.

"வாய்யா, இசைத் திருடா! உக்காரு. வாங்கம்மா."

என் கடிதத்தை வாங்கிப் படித்தார். முடித்ததும் நான்காக மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"இது எங்கிட்டயே இருக்கட்டும். இத நீ அனுப்பினா, உன்மேல இருக்கிற ஒரே ஆதாரம் இதுதான். யாராவது தன் வீட்டு வேலிய தானே பிடுங்கிப் பக்கத்து வீட்டுக்காரன் கையில குடுப்பானா?"

"அப்ப ஆறு சுரம் வரைக்கும்..."

"ஆறுமில்ல, நூறுமில்ல. அப்படி ஒரு எண்ணிக்கையே சட்டத்துல கிடையாது. எவன் சொன்னான்?"

"கேன்டீன்ல..."

"கேன்டீன்ல சமோசாவ மட்டும் நம்பு. இங்க பாரு. 'கணிசமான பகுதி'ன்னுதான் சட்டம் பேசுது. கணிசம்னா அளவு மட்டுமில்ல. சின்னத் துண்டா இருந்தாலும் அதுதான் அந்தப் பாட்டோட அடையாளம்னா மாட்டுவ. நீளமா இருந்தாலும் ஊருக்கே பொதுவானதுன்னா மாட்ட மாட்ட. நீ எடுத்தது பொதுப் பாதை. அதுல நடந்ததுக்கு எவனும் கேஸ் போட முடியாது."

பிறகு ஒரு காகிதத்தை எடுத்து மனை வரைபடம்போல ஒரு கட்டம் போட்டார். "இப்ப கவனி. பாட்டுங்கிறது ஒரு சொத்து இல்ல, மூணு சொத்து. வார்த்தை ஒண்ணு, அது உங்க வீட்டம்மா பேர்ல. மெட்டு ஒண்ணு, அதுக்கு 'இசைப் படைப்பு'ன்னு பேரு. அது மனை. மூணாவது, அதப் பாடி வாசிச்சு ரெக்கார்டு பண்ணி வச்ச சத்தம். அது 'ஒலிப்பதிவு'. மனை மேல கட்டின வீடு. மனை ஒருத்தன் பேர்ல, வீடு இன்னொருத்தன் பேர்ல இருக்கலாம். இப்ப அவன் உன்மேல என்ன சொல்றான்? மனையப் புடிச்சுட்டேங்கிறானா, வீட்டுச் செங்கல்லத் தூக்கிட்டேங்கிறானா?"

"தெரியலையே."

"மெயில்ல போட்டிருக்கும்யா."

"நான் முழுசா படிக்கல."

மூன்று நாளாக நான் சாப்பிடாமல் கிடந்ததைப் பார்த்திருந்த என் மனைவி, மெதுவாக என் பக்கம் திரும்பினாள். "படிக்கவே இல்லையா?"

"முதல் ரெண்டு வரி படிச்சேன்."

"ஆபீஸ்ல ஊரான் பில்லயெல்லாம் வரிவரியா படிச்சுக் குத்தம் கண்டுபுடிப்பீங்க. உங்களுக்கு வந்தத படிக்க மாட்டீங்க. குடுங்க இங்க போன."

அவள் போனை வாங்கிப் படித்தாள். வகுப்பில் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டும் நிதானத்தில், விரலால் ஒவ்வொரு வரியாகத் தள்ளிப் படித்தாள். பிறகு வக்கீலிடம் கேட்டாள்: "சார், இதுல 'ஒலிப்பதிவு'ன்னுதான் போட்டிருக்கு. மெட்டுன்னு எங்கயும் இல்ல. இடமும் போட்டிருக்கு. தொடக்கத்துலருந்து பதினாலாவது செகண்டு வரைக்கும்."

"அப்ப செங்கல்தான்," என்றார் வக்கீல்.

"பதினாலு செகண்டு வரைக்கும் பிள்ளைங்க பாடவே ஆரம்பிக்கலையே, சார். இவரும் வாசிக்க ஆரம்பிக்கல. பிள்ளைங்க வரிசையா வந்து நிக்கிறதுக்காக வெறும் தாளத்த ஓடவிட்டிருந்தோம்." என்னைப் பார்த்தாள். "அந்தத் தாளம் நீங்க அடிச்சதா?"

"இல்ல. பட்டன்ல வந்தது."

வக்கீலுக்கும் அவளுக்கும் உடனே புரிந்துவிட்டது. அத்தனையும் புரிந்து முடிக்க எனக்குத்தான் நேரம் அதிகம் பிடித்தது.

வீட்டுக்கு வந்து கட்டிலுக்கு அடியிலிருந்து கீபோர்டை இழுத்துப் பெட்ஷீட்டை அவிழ்த்தேன். பட்டனைத் தட்டினேன். டும் டக்கா டும் டும். வாங்குகிற எல்லோரும் பயன்படுத்திக்கொள்ளட்டும் என்று தயாரித்தவர்களே உள்ளே வைத்துக் கொடுத்த தாளம். மெயின்லேண்டில் ஒரு பாட்டுக் கம்பெனியும் ஏதோ ஒரு பாட்டில் அதே வகை கீபோர்டின் அதே பட்டனைத் தட்டியிருக்கிறது. பிறகு அந்தப் பாட்டைத் தங்கள் ஒலிப்பதிவு என்று வீடியோ தளத்தில் பதிந்து வைத்திருக்கிறார்கள். தளத்தில் இருக்கும் கணினி சத்தத்துக்குச் சத்தம் ஒப்பிட்டுப் பார்த்து, இரண்டும் ஒன்றென்று தானாகவே கடிதம் போட்டிருக்கிறது. கப்பல்காரர் என்னைத் தேடவில்லை. எந்த மனிதனும் என்னைத் தேடவில்லை.

ஒரு விஷயத்தை நான் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை, இப்போது சொல்லிவிடுகிறேன். எனக்குக் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது. மூன்று நாள் மண்டையை உடைத்து ஒரு மெட்டுப் போட்டால், அதைப் பற்றி உலகில் ஒருவருக்கும் ஒரு புகாரும் இல்லை. நான் செய்யாத ஒரே பகுதிக்குத்தான் ஆட்சேபணை வந்திருக்கிறது.

தளத்துக்கு அன்று இரவே பதில் எழுதினோம். வக்கீல் போனில் சொல்லச் சொல்ல, மனைவி எழுதினாள். என்னைக் கீபோர்டையும் தொடவிடவில்லை, பேனாவையும் தொடவிடவில்லை. நான்கே வரி. அந்தப் பதினான்கு நொடியில் இருப்பது கீபோர்டோடு வரும் பொதுத் தாளம். பாட்டும் மெட்டும் எங்களுடையவை. 'மேற்படி' என்று ஒரு சொல்லாவது சேர்க்கலாமே என்று கேட்டேன். "சுப்," என்று இந்தியிலேயே என் வாயை அடைத்தாள்.

வியாழக்கிழமை காலை அவள் பிரின்சிபல் மேடத்திடம் போனாள். தளத்திலிருந்து இன்னும் பதில் வந்திருக்கவில்லை. மேடம், 'கேஸ் இருக்கா, இல்லையா?' என்று ஒரே கேள்விதான் கேட்டாராம். கேஸ் இல்லை, ஆட்சேபணை கீபோர்டுத் தாளத்துக்கு மட்டும்தான், வார்த்தைக்கும் மெட்டுக்கும் யாரும் உரிமை கேட்கவில்லை, மேடையில் அந்தத் தாளத்தைப் போடமாட்டோம், பிள்ளைகள் கைதட்டிப் பாடுவார்கள் என்று இவள் சொல்லியிருக்கிறாள். மேடம் மின்னஞ்சலை வாங்கி, என்னைப்போல் இல்லாமல், கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டு, அச்சுக்குப் போகவிருந்த நிகழ்ச்சி நிரலில் 'மீன் டான்ஸ்' என்பதை அடித்துவிட்டுப் 'படகுப் பாட்டு' என்று எழுதியிருக்கிறார்.

வெள்ளிக்கிழமை தளத்திலிருந்து இரண்டு வரியில் பதில் வந்தது. கம்பெனி கோரிக்கையை விலக்கிக்கொண்டது. வீடியோவில் சத்தம் திரும்பியது.

சனிக்கிழமை இருபத்திரண்டு பிள்ளைகளும் மேடையேறிக் கைதட்டிப் பாடினார்கள். நடுவில் இரண்டு பேர் எதிர்ப்பக்கம் திரும்பி நின்றார்கள். பாட்டு ஒன்றரை நிமிடத்தில் முடிந்தது. அடுத்து நான்காம் வகுப்பின் யோகாசனம்.